ரெண்டு மூடி வைத்தியர்

நெஞ்சு எரிந்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ், சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தால் அவர்களுக்கும் கேஸ்தான் என்று அடித்துச் சொல்லும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. மருத்துவம் படித்தவர்கள் இல்லை. ஆனால் மருந்தை மூடியால் அளந்து ஊற்றத் தெரிந்தவர்கள். இவர்களுக்கு ரெண்டு மூடி வைத்தியர்கள் என்று பெயர் வைப்போம்.

சிதம்பரத்திலிருந்து தினமும் ஏழே முக்கால் பஸ்ஸில் கடலூருக்கு ஆபீஸ் போகும் கொளஞ்சியப்பன் இந்த இனத்தில் முதல் தரம். மூன்றாவது ஜன்னல் சீட் அவருடையது. பையில் சாப்பாட்டு டப்பா, குடை, ரோஸ் கலர் மருந்து பாட்டில். டப்பாவை மறந்த நாள் உண்டு, பாட்டிலை மறந்த நாள் இல்லை. பு.முட்லூர் வருவதற்குள் வயிறு காந்தும். ரெண்டு மூடி ஊற்றுவார், கண்ணை மூடுவார், ஏப்பம் விடுவார், பிறகு ஏதோ பெரிய காரியத்தை முடித்த திருப்தியோடு பக்கத்து சீட்டுக்காரரைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் சிக்கினால் தொலைந்தோம். நமக்கும் ரெண்டு மூடி. அதே மூடிதான்.

மூட்டு வலிக்கு அவர் தினம் விழுங்கும் மாத்திரைதான் வயிற்றைப் புண்ணாக்குகிறது என்று யாராவது சொல்லக் கூடாதா? சொன்னார்கள். கடலூரில் நர்ஸாக இருக்கும் ஜெயராணியும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்.

"அண்ணே, வலி மாத்திரைய வெறும் வயித்துல போடறீங்களா?"

"அதுக்குத்தாம்மா இது இருக்குதே. அது எரிக்கும், இது அணைக்கும். சரியாப் பூடுது பாரு."

"வெளிய கறுப்பா போவுதா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கொளஞ்சியப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸுக்கே கேஸ் ஜாஸ்தியாகிவிட்டது என்று அன்று ஆபீஸில் சொன்னதாகக் கேள்வி.

கறுப்பாகத்தான் போயிற்று, உள்ளே ரத்தம் கசிகிற அடையாளம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ளாமல் அவர் இலையை விட்டு எழுந்தபோதுதான் மனைவி ஞானாம்பாளுக்குப் பயம் பிடித்தது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் புண், கூடவே கிருமி. மூட்டு வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பதினான்கு நாளைக்கு வேறு மருந்து எழுதினார் டாக்டர்.

"வலி நின்னாலும் மாத்திரைய நிறுத்தக் கூடாது. புரியுதா?"

"நல்லாப் புரியுது டாக்டர்."

இந்த இனத்துக்கு எல்லாம் உடனே புரிந்துவிடும். அங்கேதான் வினை.

மூன்றாம் நாள் வலி நின்றது. நான்காம் நாள் கொளஞ்சியப்பனே டாக்டராகிவிட்டார். பாட்டில் திரும்ப வந்தது, மூட்டு வலி மாத்திரையும் வந்தது. மிச்சமிருந்த மாத்திரைகளைத் தூக்கி எறிய மனசு வருமா? கருணை உள்ளவர். கண்டக்டர் பொன்னுரங்கத்துக்கு ஓர் அட்டை, பின் சீட்டு உத்திராபதிக்கு ஓர் அட்டை. இருவருக்கும் எப்போதோ ஏப்பம் வந்ததை அவர் ஞாபகம் வைத்திருந்தார்.

அடுத்த வாரம் அந்த இருவரும் அட்டையும் கையுமாக ஜெயராணியிடமே வந்து நின்றார்கள். "சிஸ்டர், இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு மூன்றாவது சீட்டுக்குப் போனார். "அண்ணே, எரிச்சல்தான் அடங்கியிருக்குது. புண்ணு ஆறல. இத எதுக்கு ஊருக்குத் தானம் பண்றீங்க?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. லேசா தலைய சுத்துது. அதுவும் கேஸுதான்."

ரெண்டு மூடி ஊற்றினார். பாதி சட்டையில் கொட்டியது. ஆலப்பாக்கம் தாண்டியதும் முகம் வெளுத்து, வாந்தி எடுத்தார். ரோஸ் கலரில் இல்லை, காப்பித்தூள் கலரில். அப்படியே சரிந்தவரை ஜெயராணி தாங்கிப் பிடித்தார். பஸ் அதற்குப் பிறகு எந்த ஸ்டாப்பிங்கிலும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே போயிற்று. இறங்க வேண்டியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் கண் விழித்தபோது ஞானாம்பாள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பயந்துட்டியா?"

"நீங்க பயப்பட மாட்டேன்றீங்களே, அதான் எனக்குப் பயம்."

கொளஞ்சியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் "நெஞ்சு எரியுதே" என்று முனகினார். இவர் வாய் தானாகத் திறந்தது. ஞானாம்பாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது. இந்தத் தடவை பதினான்கு நாளும் அவள் எதிரில் நின்று விழுங்கவைத்தாள். புண் ஆறிவிட்டது, ஆள் பிழைத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே எழுந்து போய் உங்கள் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாருங்கள். போன தடவை டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தாரே, அதில் இரண்டு நாள் மாத்திரை மிச்சம் இருக்கும். இல்லையா? அப்படியானால் யாருக்கோ கொடுத்திருக்கிறீர்கள். அவர் போகிற பஸ்ஸில் ஒரு நர்ஸ் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.