‘திரளை’ என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டு

அகராதித் தொகுப்பாளரும் என் மனைவியின் அண்ணனுமாகிய உங்களுக்கு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு உங்கள் தங்கையைத் தவிர அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான் ஒருவன்தான். உங்கள் அகராதியில் இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகளைச் சிவப்பு மையில் குறித்து அனுப்பியதிலிருந்து, ஒன்பது ஆண்டுகளாக நமக்குள் பேச்சில்லை. ஆனாலும் ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும் அவசரமாகத் தேவைப்படுகின்றன.

நேற்று உங்கள் தங்கையின் இடது கால் தொடைவரை வீங்கிவிட்டது. இன்று காலை மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணவர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். ‘இரத்தத் திரளை அகற்றல்’ என்றிருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். வேர் தெரியாத சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. மேகம் திரள்கிறது, கூட்டம் திரள்கிறது, அது ஒன்றுகூடுவது. களிமண்ணை உருட்டி வைத்தாலும் திரளைதான். கூடுவது முதற்பொருளா, உருண்டையாவதா என்று மருத்துவரைக் கேட்டேன். “சார், அது கால்லேர்ந்து நுரையீரலுக்குப் போயிடும். அதுக்குள்ள கையெழுத்துப் போடுங்க” என்றார். போகும் என்றால் உருண்டைதான் முதல் போலும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். படிவத்தில் நான்கு ஒற்றுப்பிழைகள், திருத்திக் கொடுத்தேன். புதிதாக அச்சிட்டு வந்ததில் திரளையை ‘உறைகட்டி’ ஆக்கியிருந்தார்கள், அதையும் அடித்தேன். “எப்பவுமே இப்படித்தானா இவரு?” என்று செவிலியர் கேட்க, “எங்க கல்யாணப் பத்திரிகையையே திருத்தித் திருப்பி அனுப்பினவரும்மா” என்றாள் உங்கள் தங்கை. பிறகு என்னைப் பார்த்து, “நீங்க திருத்திக்கிட்டே இருங்க, நான் போயிட்டு வர்றேன்” என்று மூன்றாவது படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டாள். படுத்தபடியே போட்டதில் அவள் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. நான் திருத்தவில்லை.

அறுவை அறைக் கதவு சாத்தி ஒன்றே முக்கால் மணி நேரமாகிறது. அரை மணி என்றுதான் சொன்னார்கள். ஆகவே மேற்படி சொல்லின் வேர், முதற்பொருள், பழைய நூல்களில் உள்ள ஆட்சி ஆகியவற்றை எழுதி அனுப்பவும். நேரில் வருமளவுக்கு ஒன்றுமில்லை. இந்தத் தாளைப் படமெடுத்து உங்கள் கைபேசிக்கு அனுப்புவதாகச் செவிலியர் சொல்கிறார்.

உங்கள் வீட்டாருக்கு என் அன்பு. அகராதியின் அடுத்த பதிப்புக்கு என் வாழ்த்து.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: விளக்கம் வேண்டாம். பொருள் எனக்கு முதல் படிவத்திலேயே தெரியும். உங்கள் அகராதியிலும் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். கிளம்பி வாங்க மச்சான். தனியா உட்கார்ந்திருக்கேன்.