கொசுறுக்கு ஒரு பில்

“எதிர்பாராத பொருள் உள்ளது. ஊழியரை அழைக்கவும்” என்று மெஷின் மறுபடியும் கத்தியது.

“கறிவேப்பிலையத்தான் சொல்லுதா? காய் வாங்குனா கொசுறு எடுக்க மாட்டாகளா?” என்றார் முத்துமாரியம்மாள், பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

மேனேஜர் அருள்தாஸ் ஓடிவந்தார். அந்தத் திருமயம் சூப்பர் மார்க்கெட்டில் அவர் நிதானமாக நடந்த காலம், வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் இந்த மெஷின் வந்ததோடு முடிந்துபோனது. கம்பெனி எல்லா ஊர்க் கிளையிலும் ஒரு மெஷின் வைத்திருந்தது. மெஷின் ஓடாத கிளையின் மேனேஜருக்கு ஓசூர் மாற்றல் என்று பேச்சு. மனைவி ஷர்லிக்கு இப்போதுதான் உள்ளூர்ப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. அவளை விட்டுவிட்டு ஓசூரில் தனியாகப் பொங்கித் தின்ன அவர் தயாராக இல்லை.

“பேசாம நானே பில் போட்டுடுறேனே சார்” என்றாள் கேஷியர் அன்புச்செல்வி.

“நீ சும்மா இரும்மா. நீ சிரிச்சுப் பேசுறதாலதான் யாரும் மெஷின் பக்கம் போக மாட்டேங்கிறாங்க.”

அருள்தாஸ் கறிவேப்பிலைக்கு ஒரு பார்கோடு ஒட்டி, விலை பூஜ்யம் என்று மெஷினில் பதிந்தார். மெஷின் வாயை மூடியது. மறுநாள் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் உள்ளே வந்து, கறிவேப்பிலைக்கு மட்டும் பில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

‘பொருள் வாங்கினால் மட்டுமே கொசுறு. ஒரு பில்லுக்கு ஒரு கொத்து’ என்று போர்டு மாட்டினார்.

முத்துமாரியம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். புளிக்கு ஒரு பில், கடுகுக்கு ஒரு பில், தீப்பெட்டிக்கு ஒரு பில் என்று தனித்தனியாகப் போட்டார். ஊரே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வரிசை வாசலைத் தாண்டியது. கறிவேப்பிலை தீர்ந்து, அருள்தாஸ் தன் வீட்டு மரத்தையும் மொட்டையடித்தார்.

“ரசத்துல போட ஒரு எலை இல்ல. அந்த மெஷினையே கட்டியிருக்கலாம்ல நீங்க” என்றாள் ஷர்லி.

ஆனால் பில்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தலைமை அலுவலகம் பூரித்துப்போனது. மாற்றலைப் பற்றி இனி நினைக்கவே வேண்டாம் என்று போன் வந்தது. அருள்தாஸுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை கம்பெனி லாரி கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஊர் ஊராகச் சரக்கு இறக்கும் டிரைவர் இறங்கி வந்தார்.

“பாவம், மத்த ஊரு மேனேஜருங்க எல்லாம் ஓசூருக்குப் போயிட்டாங்களா?” என்று கேட்டார் அருள்தாஸ்.

“யாரும் எங்கிட்டும் போகல சார். ஓடலைன்னு சொன்னாங்க, கழட்டிட்டாங்க. ஒங்க கடையில மட்டும்தான் ஓடுதாம், அதான் எல்லா ஊரு மெஷினையும் ஏத்திட்டு வந்திருக்கேன். எங்கிட்டு எறக்கட்டும்?”