கதவைக் கழற்றிய மாப்பிள்ளைக்கு

ஆரணி,
16.11.2006

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ஹேமநாத் அவர்களுக்கு மாமனார் வேணுகோபால் எழுதுவது.

சங்கத்தில் என் கம்ப்யூட்டர் அறையின் கதவை நீங்கள் கழற்ற வைத்தீர்கள். அது அநியாயம். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். நலம் விசாரித்துவிட்டு எழுதினால் கோபம் பாதியாகிவிடும் என்று உங்கள் அத்தை அபிதகுசாம்பாள் சொன்னாள். பாதியாவதில் எனக்கு விருப்பமில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே பானுப்ரியாவும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதற்குப் பதில் எழுத அது தேவைப்படும்.

தீபாவளியன்று காலையில் போன் செய்தீர்கள், மதியம் செய்தீர்கள், விளக்கு வைத்த பிறகும் செய்தீர்கள். எல்லா நேரமும் நான் குளித்துக்கொண்டிருப்பதாக அத்தை சொன்னாள். யாரும் அவ்வளவு நேரம் குளிப்பதில்லை. நான் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கதவே உங்களைப் பார்த்துப் போட்டது என்பதை நீங்கள் மறந்திருக்கலாம். கல்யாணத்துக்கு மறு வருஷம், தொண்ணூற்று நாலில், உங்கள் பம்புசெட் கம்பெனியைச் சுற்றிக்காட்ட எங்களை அழைத்துப் போனீர்கள். அப்போது உங்கள் விசிட்டிங் கார்டில் இ.டி.பி. மேனேஜர் என்று போட்டிருந்தது, கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு என்று அர்த்தம் சொன்னீர்கள். பல ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் ஒரே ஒரு கண்ணாடி அறைக்குத்தான் பூட்டு, அதன் சாவி உங்கள் இடுப்பில். “செருப்பை இங்கயே கழட்டிடுங்க மாமா, தூசி போச்சுன்னா மிஷின் படுத்துக்கும்” என்றீர்கள். உள்ளே மார்கழிக் குளிர். அத்தை முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து உங்கள் மேனேஜிங் டைரக்டர் வந்தார். வந்தவர் ஷூவைக் கழற்றிவிட்டு, அவர் கேட்ட காகிதம் அச்சாகி வரும்வரை, கதவுக்கு வெளியே சாக்ஸோடு நின்றார். ஒரு முதலாளியைச் சாக்ஸோடு நிற்க வைக்கிற வேலை எதுவோ அதுதான் பெரிய வேலை என்று அன்றே முடிவு செய்தேன். பெண்ணைச் சரியான இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று பஸ் ஆற்காடு தாண்டும்வரை அத்தையிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் குளிர் விட்டுத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

தொண்ணூற்றாறில் நம் பட்டு நெசவாளர் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது நிர்வாகக் குழுவில் யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை. நான் போனேன். கண்ணமங்கலம் வழியாக வேலூர் போய்ப் புத்தகம் வாங்கி வந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே படித்தேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வந்தவர்களையும் நான் விடவில்லை. கம்ப்யூட்டர் பொறுப்பு என்னிடம் வந்தது. உங்கள் முறைப்படியே எல்லாம் செய்தேன். தச்சர் வேடியப்பனை வைத்துத் தேக்குக் கதவு, அதற்குப் பித்தளைப் பூட்டு, வாசலில் செருப்பு விட ஒரு பலகை, சாவி என் இடுப்பில். எந்தச் சேலை எவ்வளவு இருப்பு என்று தெரிய வேண்டுமானால் சங்கத் தலைவர் பச்சையப்பனே கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். அவருக்குச் சாக்ஸ் கிடையாது. மற்றபடி எல்லாம் உங்கள் கம்பெனி மாதிரியேதான்.

ஒன்றை மட்டும் நானாகச் சேர்த்தேன். அமாவாசையன்று நம் ஊரில் தறி ஓட்டுவதில்லை. கம்ப்யூட்டரும் நெசவுக்காக வந்த இயந்திரம்தான். ஆகவே அதற்கும் அமாவாசை லீவு விட்டேன். முந்தின நாள் சாயங்காலமே அதைத் துடைத்து, குங்குமம் வைத்து, துணி போர்த்திப் பூட்டிவிடுவேன். இத்தனை வருஷத்தில் அது ஒரு நாளும் கெட்டுப்போகவில்லை. உங்கள் மிஷின்கள் கெட்டுப்போனதுண்டு, பானுப்ரியா சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் மறுபடி உங்கள் ஆபீசுக்கு வந்தேன். புதுக் கட்டடம். விசிட்டிங் கார்டில் இப்போது சீஃப் இன்பர்மேஷன் ஆபீசர். பதவி பெரிதாகிவிட்டதே, கண்ணாடி அறையும் பெரிதாகியிருக்கும் என்று நினைத்து, பழக்கப்படி வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்தேன். அறையே இல்லை. நாள் முழுக்கக் கம்பளத்தின் மேல் வெறுங்காலோடு நடந்தேன். மதியத்துக்கு மேல் காவல்காரர் என் செருப்பை ஒரு பாலிதீன் பையில் போட்டு மாடிக்குக் கொண்டுவந்து, நாலு பேர் முன்னால், “இது உங்களுதாங்க ஐயா?” என்று கேட்டார். உங்கள் மேசையில் ஒரு போனைத் தவிர வேறொன்றும் இல்லை.

“உங்க மிஷின் எது மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“என்னுதுன்னு ஒண்ணும் இல்ல மாமா. அதையெல்லாம் வேற கம்பெனிகிட்ட குடுத்துட்டோம். எங்கயோ ஓடிகினு இருக்கும்.”

“அப்போ உங்க வேல இன்னா?”

“தேசூர் கடையில நடவுக்கு முன்னாடியே பம்பு தீர்ந்துபோவுது. வேற ஊர்ல அதே பம்பு தூசி படிஞ்சு கிடக்குது. அது ஏன்னு கண்டுபிடிக்கணும். மேனேஜிங் டைரக்டர் அதைத்தான் தினம் கேக்கறாரு.”

தேசூர்க் கடையில் பம்பு இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கடைக்காரர் போதும் என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லவில்லை, மாப்பிள்ளையிடம் எதைச் சொல்லலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. முன்பு முதலாளி உங்கள் கதவுக்கு வெளியே நின்றார். இப்போது நீங்கள் அவர் கூட்டத்தில் போய் உட்காருகிறீர்கள். இதைப் பதவி உயர்வு என்கிறார்கள். இருக்கலாம். என் புகார் அதைப் பற்றியதல்ல. கதவு போடுவதுதான் முறை என்று எனக்குக் காட்டியவர் நீங்கள். பிறகு உங்கள் கதவை எடுத்துவிட்டீர்கள். எடுத்தவுடன் ஆரணிக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மகாளய அமாவாசையன்று நான் வீட்டில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வெம்பாக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் வைத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மயில்கழுத்து நிறத்தில் சேலை வேண்டும் என்றார்களாம். இருக்கிறதா இல்லையா என்று விற்பனையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. என் அறை பூட்டியிருந்தது. வேன் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. மறுநாள் நான் வந்து திறந்து பார்த்துச் சொன்னேன்: அத்தனை சேலையும் நம் கிடங்கிலேயே இருந்தன. கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொன்னது. ஒரு நாள் தள்ளிச் சொன்னது.

ஆயுத பூஜைக்கு நீங்கள் வந்த சமயம் பச்சையப்பன் உங்களைச் சங்கக் கூட்டத்தில் பேச அழைத்தார். பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டருக்கே தலைவர், நம் ஊர் மாப்பிள்ளை என்று மைக்கில் சொன்னார். நான் முன் வரிசையில் சாவியோடு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எடுத்தவுடன் கூட்டத்தைப் பார்த்து, “இந்தக் கம்ப்யூட்டரால உங்களுக்கு இன்னா பிரயோஜனம்?” என்று கேட்டீர்கள். அதோடு விட்டிருக்கலாம். மறுபடி கேட்டீர்கள். பின் வரிசையில் நெசவுக்காரி கன்னியம்மாள் எழுந்தாள்.

“எங்களுக்கு இன்னாங்க தெரியும்? வெளிய செருப்பு கீதுன்னா வேணுகோபால் ஐயா உள்ள கீறாருன்னு தெரியும். அதாங்க பிரயோஜனம்.”

கூட்டம் சிரித்தது. பச்சையப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நீங்கள், “கம்ப்யூட்டர் பொறுப்புல இருக்கறவரு கம்ப்யூட்டரைப் பார்த்துகினு உட்காரக் கூடாது. நெய்யறவங்களையும் வாங்க வர்றவங்களையும் பார்க்கணும். முதல்ல அந்தக் கதவை எடுத்துடுங்க” என்றீர்கள். கைதட்டினார்கள். சொந்த மாப்பிள்ளை பேசும்போது மாமனார் கைதட்டாமல் இருக்க முடியாது. ஆகவே என் கதவைக் கழற்றச் சொன்னதற்கு நானும் கைதட்டினேன்.

அந்த வாரமே வேடியப்பன் உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார்.

“இன்னா வேடியப்பா, போட்டவனே கழட்ட வந்துட்டியா?”

“போட்டப்போ நீங்க சொன்னீங்க, கழட்டறதுக்குத் தலைவரு சொல்றாரு. எனக்கு ரெண்டும் ஒரே கூலிதான் ஐயா. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, கால் மேல வுழப்போவுது.”

கம்ப்யூட்டரை விற்பனை மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. கதவில்லாத அறையில் ஒரு நாற்காலியோடு தினமும் போய் உட்கார்ந்து வருகிறேன். போகிறவர்கள் எல்லோரும் உள்ளே பார்க்கிறார்கள். சிலர் வணக்கம் சொல்கிறார்கள். “பேஜார் பண்ணாம வெளிய வந்துடுய்யா” என்று பச்சையப்பன் தினம் ஒரு முறை சொல்கிறார். வாசற்படியில் நின்றுதான் சொல்கிறார். அந்த மரியாதை மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஆகவே இனி ஆக வேண்டியவை. உங்கள் பேச்சு பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே பொருந்தும், ஆரணிக்குப் பொருந்தாது என்று நீங்கள் உங்கள் கம்பெனித் தாளில் பச்சையப்பனுக்கு எழுத வேண்டும். பச்சையப்பன் அதை அடுத்த கூட்டத்தில் மைக்கில் படிக்க வேண்டும். படிக்கும்போது துண்டு தோளில் இருக்க வேண்டும், வாயில் கூடாது. வேடியப்பன் கதவை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடி எடுத்து, அதே கீலில் மாட்ட வேண்டும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனவர்களே திருப்பித் தூக்கி வர வேண்டும். அமாவாசை லீவு முன்போலவே இருக்க வேண்டும். அதைக் கல்யாண வீட்டார் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கன்னியம்மாள் இனிமேல் கூட்டத்தில் முன் வரிசையில், என் கண்ணில் படுகிற மாதிரி உட்கார வேண்டும். பானுப்ரியா இவையெல்லாம் நடக்கும்வரை உங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைக்கு என் பூரண ஆசி. உங்களுக்கும் ஆசி உண்டு; கதவு மாட்டிய தேதியிலிருந்து அது நடைமுறைக்கு வரும்.

இப்படிக்கு,
வேணுகோபால்

பின்குறிப்பு, 20.11.2006: இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்க எனக்கு நேரமில்லை. எழுதிய மறுநாள் கன்னியம்மாள் செருப்போடு நேராக என் அறைக்குள் வந்துவிட்டாள். “ஐயா, நான் நெய்ஞ்சதெல்லாம் வித்துப்போச்சா, இல்ல உள்ளயே தூங்கிகினு கீதா? அதே கலர்லயே மறுபடி தறியில பாவு ஏத்தச் சொல்றாங்க” என்றாள். இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்றேன். “யாரக் கேக்கறது? கதவையா?” என்றாள். பதில் சொல்லக் கம்ப்யூட்டரிடம் போக வேண்டியதாயிற்று. அவளுடைய அரக்குச் சேலைகள் போய்விட்டன, பச்சை அப்படியே கிடக்கிறது. பச்சையில் பாவு ஏற்றுவதை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் அவள் தெருவே வந்துவிட்டது. விற்பனைப் பக்கம் எனக்கு மேசை போதவில்லை. ஆகவே வேடியப்பனைக் கூப்பிட்டு என் கதவையே கால் வைத்து மேசையாக்கச் சொன்னேன். பூட்டு இருந்த துளை வழியாக வயர் போகிறது. கதவைத் தேட வேண்டாம். கம்ப்யூட்டரைத் தூக்க வேண்டாம். நீங்கள் எதையும் எழுதித் தர வேண்டாம். இன்று அமாவாசை, தறி ஓடாத நாளில்தான் நெசவாளர்களுக்கு வந்து கேட்க நேரமிருக்கிறது என்பதால் கம்ப்யூட்டருக்கு லீவை ரத்து செய்திருக்கிறேன். இவை எதுவும் நீங்கள் சொல்லிச் செய்ததல்ல, கன்னியம்மாள் கேட்டாள், செய்தேன். உங்கள் பேச்சு தவறு என்பதில் மாற்றமில்லை. சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. பூட்ட ஒன்றுமில்லை, இருந்தாலும் இருக்கட்டும். வரிசையில் நிற்கிறவர்கள் சத்தம் போடுகிறார்கள். நிறுத்துகிறேன்.