பத்து மணிச் சாமி

பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் நிற்க இடமில்லை. எல்லாம் ஒளியப்ப சாமியின் புண்ணியம்! தூக்கம் வரவில்லையா? காரணமில்லாமல் அழுகையா? சாமி கையால் ஒரு சிட்டிகை திருநீறு போதும், பிடித்திருக்கும் இருட்டுப் பேய் ஓடிவிடுமாம். பேய்க்குத்தான் எவ்வளவு அவசரம்!

விதிகள் உண்டு. விடியுமுன் கரட்டுக் குன்றின் மேல் ஏறிக் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். பத்து மணிக்கு இறங்கி வந்து திருநீறு வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே கூடாது.

அந்தக் கடைசி விதிதான் கலைமணியை உறுத்தியது. பிள்ளை பெற்றதிலிருந்து அவள் அக்கா அன்பரசி இருட்டறையிலேயே கிடந்தாள். குழந்தை வீறிட்டாலும் திரும்புவதில்லை. "தினமும் ஒரே நேரத்துக்கு எழுப்புங்க, காலை வெளிச்சத்துல உட்கார வைங்க, தவறாம என்கிட்ட கூட்டிட்டு வாங்க" என்று அரசு டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்பரசியின் மாமியார் தீர்த்தம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். "வெயில்ல உட்கார்றதெல்லாம் ஒரு வைத்தியமா? சாமிகிட்ட போங்க."

"சரிங்க அத்தை" என்றாள் கலைமணி.

தினமும் அக்காவைக் கரட்டுக்குக் கூட்டிப் போனாள். திருநீறு வாங்காமலே இறங்கினாள். டாக்டரம்மா வரச்சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். தப்பாகிவிட்டால் பழி தன்மேல்தான் என்று தெரிந்தே போனாள். பக்கத்து வீட்டு ராமக்காளுக்கும் அதே சோர்வு. முழங்கால் வலியென்று அவள் மலை ஏறவில்லை. மகனை அனுப்பித் திருநீறு வாங்கித் தின்றுவிட்டு, மதியம் வரை போர்த்திப் படுத்தாள்.

சில வாரங்களில் அன்பரசி, "பாப்பாவ இப்படிக் குடு" என்று கை நீட்டினாள்.

சேதி சாமிக்கு எட்டியது. பௌர்ணமிக் கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்தி முழங்கினார்: "பாருங்க, என் திருநீறு செஞ்ச வேலைய!"

"எந்தத் திருநீறுங்க சாமி?" கலைமணி எழுந்தாள். "எங்கக்கா ஒருநாளும் வாங்கலைங்களே. வெயில்ல உட்கார்ந்தா, டாக்டரப் பாத்தா, அவ்ளோதான்."

"நாந்தான் தின்னேன், டப்பா டப்பாவா!" என்றாள் ராமக்காள். "வயித்தால போனதுதான் மிச்சம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமிக்கு வியர்த்தது. "மலை ஏறச் சொன்னதே நான்தானே!"

"எதுக்குச் சொன்னீங்க?" என்றாள் கலைமணி.

வீட்டுக்குள்ளிருந்து சாமியின் சம்சாரம் வெள்ளந்தியாகப் பதில் சொன்னாள்: "விடியறதுக்குள்ள வந்து கதவத் தட்டுறாங்கம்மா. இந்த மனுசன் பத்து மணி வரைக்கும் தூங்கோணுமில்ல? அதான் மேல தொரத்திவுட்டாரு!"

அன்பரசி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். "காலைல சூரியன் உங்க வூட்டு வாசலுக்கே வருதுங்க. தூங்குற ஆளுகிட்ட அனுமதி கேக்கவா இத்தன தூரம் வந்தீங்க?"