இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே

"நேத்து ஃபுட்பால் மேட்ச் பார்த்தீங்களா?" என்று மேனேஜர் கேட்டதும், புதிதாகச் சேர்ந்த கிளார்க்கின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றுவிட்டது.

அவர் எங்கே பார்த்தார்? ராத்திரி முழுக்கப் பார்த்தது லிஃப்ட் வீடியோ. லிஃப்ட் என்றால் அவருக்கு உயிர். பழைய ஆபீசில் இது தெரிந்துபோய், ‘லிஃப்ட் மாமா’ என்று பெயர் வைத்து ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். தாங்காமல் வேலையையே விட்டார், பாவம். இங்கே மூச்சு விடக்கூடாது.

"பார்க்காம இருப்பேனா சார்? பிச்சு உதறிட்டாங்கல்ல!"

"அட, நம்ம ஆளு! விளையாடுவீங்களா?"

"காலேஜ்ல கோல்கீப்பர்." நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டது.

"சபாஷ்! சனிக்கிழமை பக்கத்து ஆபீசோட மேட்ச். நான் கேப்டன், நீங்க கோல்கீப்பர்!"

வெள்ளிக்கிழமை முழங்காலில் கட்டுப் போட்டு நொண்டிக்கொண்டே வந்தார். மேனேஜர் அசரவில்லை.

"கால் போனா போகட்டும் சார், மூளை இருக்குல்ல? நீங்கதான் கோச்!"

சனிக்கிழமை, மற்றவர்கள் முன்னாலேயே மைதானத்துக்குப் போய்விட்டார்கள். மேனேஜர், கோச், முதலுதவிப் பெட்டியோடு டைப்பிஸ்ட் அக்கா மூன்று பேரும் லிஃப்டில் ஏறினார்கள். கீழே இறங்கும்போது மூன்றாம் மாடி தாண்டியதும் அது நின்றது.

"ஐயையோ, கயிறு அறுந்துடுச்சா?" அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா. ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும்" என்றார் மேனேஜர்.

"ரெண்டு மணி நேரமா!" அழுகை இரட்டிப்பானது.

கிளார்க் தவித்தார். வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் அக்காவுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. போகட்டும் மானம்!

"அழாதீங்கக்கா. ஒரே ஒரு கயிறு மிச்சமிருந்தாலும் இது விழாது. பிரேக் குலுக்காம பிடிச்சிருக்கு, லைட் எரியுது. இது பழுதே இல்ல. கீழே யாரோ சாவியைத் திருப்பி நிறுத்தியிருக்காங்க."

மேனேஜரின் முகம் வெளிறியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு இது மட்டும்தான் சார் தெரியும்! மேட்ச் பார்க்கல. கோல்கீப்பரும் இல்ல. முழங்காலுக்கும் ஒண்ணும் இல்ல. நான் ஒரு லிஃப்ட் பைத்தியம். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க!"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏன் தம்பி, சில லிஃப்ட்ல கீழே போறப்ப மட்டும் ரெண்டு தடவை டிங் டிங்னு அடிக்குதே, அது ஏன்?" என்றார்.

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பார்!

"பார்வை இல்லாதவங்களுக்கும் திசை தெரியணும்லக்கா. மேலே போனா ஒண்ணு, கீழே போனா ரெண்டு."

"அடடே, இதுல இவ்வளவு விஷயம் இருக்கா! இன்னும் சொல்லுங்க."

அப்பாடா! கிளார்க்குக்கு மனசு லேசாகிவிட்டது. முழங்கால் கட்டை அவிழ்த்து மூலையில் போட்டார்.

"சொல்றேன்க்கா. முதல்ல இந்த இன்டர்காம் பட்டனை அமுக்கி வாட்ச்மேனைக் கூப்பிடுவோம்."

"வேண்டாம்! தொடாதீங்க!" மேனேஜர் பாய்ந்தார். அதற்குள் அமுக்கியாயிற்று.

"மேனேஜர் சாருங்களா?" என்றது வாட்ச்மேன் குரல். "நீங்க சொன்ன மாதிரியே நிறுத்திட்டேன் சார். மேட்ச் முடிஞ்சப்புறம்தானே போடணும்?"