கதவு எண் வாரியாக

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்களை ஓட்டிவிட்டேன். இரண்டு முறை நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடியும் வைத்தேன். (சுழி மட்டும் நன்றாக வந்திருந்தது.) வெட்கம் ஒரு காரணம். என் அசட்டுத்தனத்துக்கு அம்மனைத் துணைக்கு இழுத்தது இன்னொரு காரணம். போன வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டும்போது, "தாயே, எழுதட்டுமா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் ஒரு சின்ன ஊர். அங்கே அரிசி மில்லில் மூட்டைகளை எடை போடும் வேலை எனக்கு. எட்டாவது வரை படிப்பு. எப்படியோ ஒரு வீட்டைக் கட்டி முடித்து, கிரகப்பிரவேசமும் செய்துவிட்டேன். பால் நன்றாகப் பொங்கியது. ஆனால் வீட்டில் கரண்ட் இல்லை.

கரண்ட் ஆபீசில் வீட்டு வரி ரசீது கேட்டார்கள். ரசீது வேண்டுமென்றால் பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்து, புத்தகத்தில் ஏற்றி, வரி போடவேண்டும். இதில் எனக்கு முதலில் புரியாதது, வரி கட்டினால்தான் வீடு என்பார்களா, வீடு இருந்தால்தான் வரி என்பார்களா என்பது. மண்ணும் என்னுடையது, செங்கல்லும் என்னுடையது, பிறகு எதற்கு மாதிரி மாதிரியாய்க் காகிதம் என்று வாயைத் திறந்து கேட்டேன். "அடுத்தவர் வாங்க" என்றார்கள். (அடுத்தவர் யாரும் இல்லை. நான் ஒருவன்தான் நின்றிருந்தேன்.)

என் மனைவி கமலா கறாராகச் சொல்லிவிட்டாள். "கரண்ட் வரட்டும், நானும் வர்றேன். பொண்ணு இருட்டுல எப்டிப் படிப்பா?" மகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்த தன் தம்பி குமார் வீட்டிலேயே தங்கிவிட்டாள். மகளின் பள்ளிக்கூடம் செங்கல்பட்டில். அங்கிருந்தும் பஸ்தான், இங்கிருந்தும் பஸ்தான். ஆகவே எனக்கு வாதாட ஒன்றும் இல்லை. வாசலில் தெருவிளக்கு பளிச்சென்று எரியும். உள்ளே ஆறு மாதமாக நானும் ஓர் அரிக்கேன் விளக்கும். குடும்பத்தோடு வாழக் கட்டிய வீட்டில் காவல்காரன் மாதிரிப் படுத்திருந்தேன்.

இப்படியிருக்க, ஓர் ஆடி மாதம் டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'வரும் ஞாயிறு அன்று கதவு எண் வாரியாக வரி மதிப்பீடு செய்யப்பட இருப்பதால், உரிமையாளர்கள் வீட்டில் இருந்து ஒத்துழைக்கவும்' என்று போட்டிருந்தது.

படித்த அறிவாளிகள் சிரிக்க வேண்டாம். 'கதவு எண்' என்பதை நான் கதவை எண்ணுவது என்றுதான் படித்தேன். எண்ணுவதும் கணக்கு வைப்பதும்தானே என் தொழில்? 'வாரியாக' என்ற சொல் இன்னும் பயமாக இருந்தது. கதவுகளை எண்ணி, வரியை வாரிக்கொண்டு போகப் போகிறார்கள்.

சந்தேகம் தீரட்டுமென்று பக்கத்து வீட்டுத் தணிகாசலத்திடம் கேட்டேன். டிராக்டர் ஓட்டுகிறவர். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

"கரீக்டுதான் அண்ணாத்த" என்றார். "குடிசைக்கு எத்தினி கதவு? ஒண்ணு. வரி கம்மி. உன் மில்லுக்கு எத்தினி கதவு கீது? வரி எவ்ளோ போட்டுகீறான் பாத்தியா? அப்போ கணக்கு இன்னா?"

மறுத்துப் பேச ஒரு ஓட்டை உண்டா, சொல்லுங்கள்!

வீட்டுக்கு வந்து எண்ணினேன். வாசல், இரண்டு அறை, சமையலறை, கொல்லைப்புறம், பாத்ரூம், பூஜை அறை. மொத்தம் ஏழு. வாசலில் இருந்தது ரெட்டைக் கதவு. அதை இரண்டாக எண்ணுவார்களோ என்று மறுபடியும் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"ரெட்டை மாட்டு வண்டியை ரெண்டு வண்டின்னா சொல்லுவான்?" என்று தணிகாசலம் தைரியம் சொன்னார். பிறகு அவரே, "எதுக்கும் கயட்டிடு. வந்து பாத்துட்டுப் போனப்புறம் மாட்டிக்கோ" என்றார்.

என்னுடைய கஷ்டம் வேறு. நான் பொய் சொல்வதில்லை. மாலை போட்டு விரதம் இருக்கிறவன், எங்கே கதவு என்று கேட்டால் ஒளித்து வைத்திருக்கிறேன் என்றா சொல்ல முடியும்? அப்போதுதான் தெருக்கோடி முத்துமாரியம்மன் கோயிலில் அதே ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்பது ஞாபகம் வந்தது. கூழ் டம்ளர், முருங்கைக்கீரை எல்லாவற்றையும் அடுக்கி வைக்க மேசை போதவில்லை என்று கோயில்காரர்கள் தவித்தார்கள். என் கதவுகளை அன்று ஒரு நாளைக்கு அம்மனுக்குக் கொடுத்துவிட்டால்? கேட்டால், 'கதவு இல்லை சார், அம்மனுடையது' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். புண்ணியமும் ஆயிற்று, வரியும் குறைந்தது. என் அறிவைக் கண்டு எனக்கே கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை தணிகாசலமும் நானும் கீல்களின் ஸ்குருவைக் கழற்றி ஆறு கதவுகளைத் தூக்கிப் போனோம். பூஜை அறைக் கதவை மட்டும் தொடவில்லை. சாமிக்கு உண்டான வரியை நான் சந்தோஷமாகக் கட்டுவேன். ஐந்து கதவுகளைச் செங்கல் மேல் பரப்பி, மஞ்சள் தண்ணீர் தெளித்து மேசையாக்கினோம். பாத்ரூம் தகரக் கதவில் பிரசாதம் வைப்பது பாவம். அதை அடுப்புக்குக் காற்று மறைக்க நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமையென்றால்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்று வைத்த நாள் அது. நோட்டீசில் போட்டபடி பேரூராட்சி பில் கலெக்டரும் வந்தார். வயதானவர். சைக்கிளை நிறுத்தியதும், "ஐயா, எனக்கு சுகர். பாத்ரூம் எங்க இருக்கு, கொஞ்சம் அவசரம்" என்றார்.

கொல்லையில் இருந்ததைக் காட்டினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கதவு எங்கய்யா?"

"கதவு இல்ல சார்."

அந்த மனிதர் முகத்தில் ஓடியதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். உள்ளே ஓடிப்போய்ப் போர்வையை எடுத்துவந்து, வாசக்காலின் இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மாமரத்தின் பக்கம் திருப்பி நின்றேன். அரசாங்க வேலை எப்போதும் நிற்பதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேள்விகள் வந்தன.

"வீட்ல எத்தனை பேரு?"

"மூணு பேரு சார். இப்போ நான் மட்டும். கரண்ட் வந்தாத்தான் சம்சாரம் வரும்."

"போர்வையை இறக்காதீங்க! மேல ஓடா, ஓலையா?"

"தளம் சார். கான்கிரீட்டு."

இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஆடு வாசல் வழியாக நுழைந்து, கூடம், சமையலறை எல்லாம் பார்த்துவிட்டு, கொல்லை வழியாக எங்கள் இருவரையும் கடந்து போனது. போகிற போக்கில் போர்வையின் நுனியைக் கடித்து இழுத்தது. இரண்டு கையும் மாட்டியிருந்ததால் என்னால், "அம்மா தாயே" என்று கூப்பிட மட்டுமே முடிந்தது. அம்மன் கைவிடவில்லை. ஆட்டுக்குப் போர்வை பிடிக்கவில்லை.

பிறகு அவர் வீட்டைச் சுற்றி டேப் பிடித்தார். பூஜை அறைக்கு முன்னால் நின்று யோசித்தார்.

"வீடு பூரா ஒரு கதவு இல்ல. சாமிக்கு மட்டும் மணி வச்ச கதவா? இது வீடா, கோயிலா? கோயில்னா வரியே கிடையாதுய்யா."

சபலம் தட்டியது, மறைக்க மாட்டேன். கோயில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு எழவில்லை. "வீடுதான் சார்" என்றேன்.

"அப்ப இன்னும் வேலை முடியல."

உலகத்தில் எந்த வேலைதான் முடிந்திருக்கிறது என்று மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு தலையை ஆட்டினேன். அவர் கார்பன் வைத்து எழுதி வாசித்தார். "கட்டடம் முடிவடையவில்லை. கதவு எண் கொடுக்க இயலாது."

கதவை எண்ண முடியாது என்று எழுதிவிட்டார்! ஒரு கதவுக்கும் வரி இல்லை! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளில் ஏறப் போனவரை நானே தடுத்து, "சார், அம்மனுக்குக் கூழ் வாக்கறாங்க. ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போவணும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன். (என்னை வேறு யாரும் மாட்டிவிடவில்லை என்பதைக் கவனிக்கவும்.)

கோயிலில் நல்ல கூட்டம். கூழ் குடிக்க கமலாவும் மகளும் குமாரும்கூட பஸ் பிடித்து அப்போதுதான் வந்திருந்தார்கள். பில் கலெக்டர் கூழ் டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தார். அது சாய்ந்தது. தூக்கி வேறு இடத்தில் வைத்தார். மறுபடியும் சாய்ந்தது. குனிந்து தடவிப் பார்த்தார்.

"மேசைக்கு எதுக்குய்யா தாழ்ப்பாள்?"

நான் முருங்கைக்கீரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். தணிகாசலம் பெருமையோடு முன்னால் வந்தார்.

"மேசை இல்ல சார், கதவு. நம்ம அண்ணாத்த வூட்டுது. கதவை எண்ணி வரி போட ஆபீஸ் ஆளு ஒருத்தன் வந்துகினுகீறான்னு கயட்டியாந்துட்டாரு. அந்தாளு வந்தானா சார், நீங்க வழியில பாத்தீங்களா?"

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பம்பை அடிப்பவர்கூட நிறுத்திவிட்டார். பில் கலெக்டர் என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்தேன். அம்மன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவு எண்ணுன்னா வீட்டு நம்பருய்யா!" என்றார் அவர். பாவம், விரல் விட்டு எண்ணிக் காட்டினார். "நீளம், அகலம், மேல ஓலையா ஓடா தளமா, குடியிருக்கவா கடை வைக்கவா, எந்தத் தெரு, எத்தனை வருஷத்து வீடு. இதைப் பாத்துத்தான் வரி. அதை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கட்டணும். உங்க வாசல்ல எரியுற விளக்கு, குழாய்த் தண்ணி, சாக்கடை அள்றவங்க, எல்லாம் அதுலதான். கதவை எவன்யா எண்ணுவான்?"

"அப்போ ஜன்னல் சார்?"

"ஜன்னலும் இல்ல!"

"படிக்கட்டு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு கூழைக் குடித்து முடித்தார்.

"கொஞ்சம் அடிச்சு எழுதிடுங்க சார்" என்று கெஞ்சினேன்.

"நான் அடிச்சு எழுதினா, மேல இருக்கறவங்க என்னை எழுதி அடிப்பாங்க. மூணு காப்பிய்யா. நம்பர் இல்லாம வரி இல்ல, வரி இல்லாம ரசீது இல்ல. இனிமே அடுத்த அரையாண்டுலதான் வந்து பாக்க முடியும்."

அடுத்த அரையாண்டு. அதாவது, இன்னும் ஆறு மாதம் இருட்டு. இன்னும் ஆறு மாதம் கமலா வரமாட்டாள். எல்லாம் என் கையாலேயே, ஸ்குரு ஸ்குருவாகக் கழற்றிக் கொடுத்தது. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

குமார்தான் முதலில் வாயைத் திறந்தான். "மாமா, வூட்டுக்குக் கதவு இல்ல. கதவுக்கு வூடு இல்ல. செம பேஜாரு மாமா."

கமலா கூழ்ச் சொம்போடு அடுப்புப் பக்கம் போய்ப் பார்த்தாள். புகையில் கறுத்துப்போயிருந்த தகரத்தைக் காட்டி, "இது எது?" என்றாள்.

"பாத்ரூமு" என்றேன்.

"அது இல்லாம அவரு எப்டி..." என்று பில் கலெக்டரைப் பார்த்தாள்.

"போர்வை பிடிச்சாரும்மா" என்றார் அவர் மெதுவாக. "நல்லாத்தான் பிடிச்சாரு."

அவ்வளவுதான். கமலா சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு மாதச் சிரிப்பு அது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு சொன்னாள்.

"டேய் குமாரு, நீ மட்டும் ஊருக்குப் போ. எங்க பொட்டியை நாளைக்கு எடுத்தாந்து போடு."

"கரண்ட் வரலியேக்கா?"

"அது வர்றப்ப வரட்டும். இந்தாளைத் தனியா வுட்டா, அடுத்த வாரம் கூரையையும் கயட்டிக் குடுத்துடுவாரு."

கூழ் வார்த்து முடிந்ததும் கோயில்காரர்களே ஆறு கதவுகளையும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பம்பைக்காரர் சும்மா வர மறுத்துவிட்டார். மேளதாளத்தோடு ஊர்வலமாக வந்த கதவு எங்கள் தெருவில் என்னுடையது மட்டும்தான். அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டார்கள். எங்கள் படுக்கையறைக் கதவுக்கு இன்றைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். சண்டை வந்தால் கமலாவுக்கு வசதி.

அடுத்த அரையாண்டில் அதே பில் கலெக்டர் வந்தார். முதலில் பாத்ரூம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் டேப்பை எடுத்தார். நம்பர் வந்தது, ரசீது வந்தது, கரண்ட்டும் வந்தது. ஆனால் தபால்காரர் முதல் ஆட்டோக்காரர் வரைக்கும் எங்கள் விலாசம் 'கதவில்லா வூடு'தான். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு வழி சொன்னபோதுகூட அப்படியே சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கம்ப்யூட்டர் படித்தவர். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்தார்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சொன்னால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். குமார் சொல்லும் கதையில் கதவுகள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகின்றன. அது போகட்டும். ஆனால் அவன் மேசைத் தாழ்ப்பாளோடு கதையை நிறுத்திவிடுகிறான். எல்லோரும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ரசீது வருவதற்கு முன்னால், விளக்கு வருவதற்கு முன்னால், அன்றைக்கே கமலா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டு வீட்டுக்குள் வந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இடத்தை விட்டுவிட்டால் நான் வெறும் முட்டாள். அதையும் சேர்த்துச் சொன்னால், அம்மன் கண் பார்த்த முட்டாள்.