சிவப்புப் பொட்டு அழிந்த படிவங்கள்

பென்டிரைவில் பட்டியல் திறக்கவில்லை என்று கொழும்பிலிருந்து தொலைபேசி வந்ததும் பிரதேச அலுவலக எழுதுனர் கனகசிங்கம் கம்ப்யூட்டர் திருத்துபவனுக்கு ஆளனுப்பினார். கடல் கொண்டுபோன அறுபத்து மூன்று வீடுகளின் பட்டியல் அது. நாளை நாலு மணிக்குள் ஈமெயிலிலாவது போய்ச் சேராவிட்டால், பதிலுக்குக் கட்டித்தரவிருக்கும் புது வீடுகள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

இத்தனைக்கும் மனிதர் ஒழுங்குக்குப் பேர்போனவர். பதியவேண்டிய படிவத்தில் சிவப்புப் பென்சிலால் பொட்டு வைப்பார். கம்ப்யூட்டரில் பதிந்து 'சேவ்' கொடுத்ததும் பொட்டை அழிப்பார். பொட்டு அழிந்ததை எரிப்பது, அலுவலகம் கூட்டும் ஆசியா உம்மாவின் வேலை. எரித்தாயிற்றா என்று தினமும் கேட்பார், அவரும் தினமும் ஓம் என்பார்.

வெளியே மார்கழி மழை இரண்டு கிழமையாக விட்டபாடில்லை. நனைந்துகொண்டு வந்த பஹ்மி, கம்ப்யூட்டர் திருத்துபவன், விசாரித்தான். சேவ் கொடுத்த கையோடு பென்டிரைவைப் பிடுங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பியதாகவும், பிரதி வேறெங்கும் இல்லை என்றும் கனகசிங்கம் பெருமையாகவே சொன்னார்.

"அண்ணன், சேவ் குடுத்தா மெசின் ஓம் எண்டு சொல்லும். ஆனா உடனே எழுதாது. ஞாபகத்துல வெச்சி, இன்னும் எழுதல்ல எண்டு ஒரு அடையாளம் போடும். எழுதி முடிச்சாத்தான் அடையாளத்த எடுக்கும். பழசுக்கு மேல புதுச எழுதக்குள்ள புடுங்கினா ரெண்டும் போகும்."

"அப்ப எழுதாம எழுதிட்டன் எண்டு பொய் சொல்லிருக்கு."

மீட்டுப் பார்க்கலாம் என்று பஹ்மி சொன்னதால், மறுநாள் காலை பென்டிரைவ் இரவு பஸ்ஸில் திரும்பி வந்தது. பஹ்மி வரும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை, தானே செருகினார். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. மறுத்தால் கோபித்துக்கொள்ளுமோ என்று ஓம் கொடுத்தார். அதில் மிச்சம் மீதி இருந்ததும் துடைபட்டுப் போயிற்று.

பஹ்மி வந்து தலையில் கை வைத்தான். படிவங்களைப் பார்த்துத் திரும்ப அடிப்போம், அறுபத்து மூன்றுதானே என்றான். கனகசிங்கம் அலுமாரியைத் திறந்தார். அங்கே வெறும் தட்டு. ஒரு பொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் அவரே அழித்திருந்தார், அவரே எரிக்கவும் சொல்லியிருந்தார். ஒரு வருடமாகக் கூடாரத்தில் நனைகிற சனத்துக்கு என்ன சொல்வது? பொய் சொல்லும் மெசினை நம்பியதற்கு அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் ஆசியா உம்மா விளக்குமாற்றோடு தயங்கி நின்றார்.

"எரிச்சிட்டன் எண்டு நானும் பொய்தான் சொன்னன் சேர். இந்த மழைக்குள்ள எங்க எரியிற? வெயில் வந்தா எரிப்பம் எண்டு எல்லாத்தையும் சாக்குல கட்டி நம்மட தேத்தண்ணி போடுற குசினிக்குள்ள வெச்சிருக்கன்."